கொக்கிப் பக்கம்

ஜனகராஜ் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அவருடைய உரைகல் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை.

முனிச்சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்த வீடு. கீழே கூடத்தில் பூஜை அலமாரி. அதில் பெருமாள் படத்துக்குக் கீழே, சந்தனப் பொட்டு வைத்து, அந்தக் கல்லை உட்கார வைத்திருந்தார்கள். உள்ளங்கை அளவுதான், நல்ல கறுப்பு. நகையை அதில் உரசினால் ஒரு கோடு விழும். தங்கம் நல்ல மாற்றாக, சுத்தமாக இருந்தால் கோடு மஞ்சளாக நிற்கும், கலப்படம் கூடினால் வெளுக்கும். மெழுகு உருண்டையால் ஒற்றி எடுத்தால் கோடு போய்விடும். குடும்பத்துக்கு பஜாரில் சின்னதாக ஒரு நகைக்கடை உண்டு, ஆனால் கடைக்கு மெஷின் வந்து பல வருஷமாகிறது. கல்லைத் தொட இப்போது ஆளில்லை, அது சாமியாகிவிட்டது.

அந்தச் சாமியின் மேல்தான் கோடு விழுந்துகொண்டிருந்தது.

முதலில் பார்த்தவள் ஸ்ரீலட்சுமி, மூத்த மகன் சாய்பிரசாத்தின் மனைவி. ஒரு நாள் மதியம் புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து சர்ர் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சர்ர். இறங்கி வந்து பார்த்தால் கூடத்தில் யாரும் இல்லை. மாமியார் சுந்தரவல்லியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. அலமாரி விளக்கு ஆடாமல் எரிந்தது. கல்லின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு கோடு, வெளுத்த கோடு, புதுசு. ஸ்ரீலட்சுமி மெழுகால் துடைத்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் அதே கோடு இருந்தது. அதற்கப்புறம் செவ்வாய், வெள்ளி என்றில்லை, புதன் என்றும் இல்லை. துடைக்கத் துடைக்க விழுந்தது.

அவளுக்கு உடனே ஒரே ஒரு பெயர்தான் மனசில் வந்தது. சுபலட்சுமி. சாய்பிரசாத்தின் முதல் மனைவி. ஸ்ரீலட்சுமி வேலை பார்க்கிற மாடி அறை அவளுடையதுதான். அவள் செத்ததும் அங்கேதான்.

கதையை அந்த வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவார்கள், மனப்பாடச் செய்யுள் தோற்றுவிடும். வேறெந்த சௌராஷ்டிரக் குடும்பத்திலும் கேள்விப்படாத ஒரு வழக்கம் இந்த வீட்டில் உண்டு. மருமகள் வந்த மூன்றாம் நாள், கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, அவள் நகையை மாமனார் கல்லில் உரசிப் பார்ப்பார். சும்மா ஒரு சடங்கு, மஞ்சள் கோடு விழும், எல்லாரும் சிரித்துவிட்டு மைசூர்பாகு தின்பார்கள். சுபலட்சுமி வந்தபோது கோடு வெளுத்து விழுந்தது. அவளுடைய அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டு அனுப்பிய பழைய சங்கிலி அது. ஜனகராஜ் கோட்டைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், "மாத்து கொறச்சல்" என்றார். அம்புட்டுத்தான். கத்தவில்லை, அடிக்கவில்லை, பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. நல்ல மனுஷர் என்று ஊரே சொன்னது.

ஆனால் அதற்குப் பிறகு அவள் எது சொன்னாலும் அந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பால் பொங்கிவிட்டது என்றால் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தார்கள். கோயிலுக்குப் போனேன் என்றால் "எந்த வாசல் வழியா?" என்று கேட்டார்கள். தலைவலி என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். எட்டாவது மாதம் அவளே தன்னை முடித்துக்கொண்டாள். வாடிப்பட்டியிலிருந்து வந்த அவளுடைய அப்பா எல்லாச் சாமானையும் எடுத்துக்கொண்டு, அந்தச் சங்கிலியை மட்டும் கூடத்தில் வைத்துவிட்டுப் போனாராம். "பொய்யின்னுதானே சொன்னீங்க, நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு.

ஸ்ரீலட்சுமி இரண்டாம் தாரமாக வந்தபோது ஜனகராஜ் கல்லை வெளியே எடுக்கவேயில்லை. அதைப் பெருந்தன்மை என்று அவள் நினைத்தாள். முதல் மனைவியின் வீட்டார் ஏமாற்றிவிட்டார்கள், கேட்டதற்கு அந்தப் பெண் இப்படிச் செய்துவிட்டாள் என்று புருஷன் சொன்னதை நம்பவும் செய்தாள். நம்பினால்தானே பக்கத்தில் படுக்க முடியும்.

நம்பியதால்தான் தங்கச்சி காவ்யஸ்ரீயை இதே வீட்டுக்குக் கொடுக்கவும் சம்மதித்தாள். சாய்பிரசாத்தின் தம்பி ஹரிஷ்குமார் சிரித்த முகக்காரன். அக்காவைப் பார்க்க என்று காவ்யா இங்கே வர, மதினியைக் கூட்டிவர என்று அவன் அவர்கள் பிறந்த வீடு இருக்கிற ஆனையூருக்குப் போக, பார்த்துப் பேசி ஆசைப்பட்டுவிட்டார்கள். தை பிறந்ததும் தட்டு மாற்றுவதென்று முடிவானது. மறுநாள் காலை சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டே சுந்தரவல்லி சொன்னாள்:

"தட்டு மாத்துறது நம்ம வீட்டுலயே வச்சுக்குவோம். கல்லு இங்கதான இருக்கு. போன தடவை கல்யாணம் முடிஞ்சு பாத்ததுனாலதான் அம்புட்டு சிக்கலும். இந்தத் தடவை மொதல்லயே உரசிப் பாத்துட்டு அப்புறம் மாத்துவோம்."

(அந்த வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சுந்தரவல்லி எதையாவது தீர்ப்பாகச் சொல்லும்போது மட்டும் தமிழுக்கு மாறிவிடுவாள். மற்ற பேச்சையும் நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.)

ஸ்ரீலட்சுமிக்குத் தங்கச்சியின் கழுத்துதான் கண்ணில் வந்தது. காவ்யாவுக்குப் போடப்போவதும் அம்மாவின் பழைய சங்கிலிதான்.

அந்த வாரம் அவளுக்கு வந்த வேலையும் பார்த்துத்தான் வந்தது போலிருக்கிறது. அவள் ஜியாலஜி படித்தவள். போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே தமிழில் பாடம் எழுதிக் கொடுக்கிறாள். பாறைகளின் பெயர் எங்கிருந்து வந்தது என்று பாறைக்கொரு பத்தி எழுதச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு பசால்ட். எரிமலைக் குழம்பு மேலே வந்து ஆறி இறுகினால் கிடைக்கிற கறுப்புக் கல், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர். பெயருக்கு மூலம் தேடிப் போனால், லத்தீன் ஏட்டைப் படியெடுத்த யாரோ ஒருவரின் கைப்பிழையில் பிறந்த சொல் என்று இருந்தது. அவர் தப்பாக எழுதிய பழைய சொல்லுக்கு முன்னால் ஒரு கிரேக்கச் சொல். அதற்கு அர்த்தம் உரைகல்.

ஸ்ரீலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேலே படித்தாள். அந்தக் கிரேக்கச் சொல் எகிப்திலிருந்து வந்திருக்கலாமாம். முதலில் தங்கம் உரசுகிற கல்லுக்குப் பெயர். அப்புறம் எதையும் சோதித்துப் பார்ப்பதற்கே அது பெயரானது. அப்புறம் சித்திரவதைக்கு. ஏதென்ஸ் நகரத்து வழக்குகளில் அடிமை சொல்லும் சாட்சியை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வதைத்து, அப்போது அவன் சொன்னால்தான் உண்மை. அந்த வதைக்கும் கல்லுக்கும் ஒரே பெயர்.

எழுத வேண்டியது ஒரே பத்தி, அவளால் எழுத முடியவில்லை. கீழே போய்க் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கல்லூரியில் வாங்கிய லென்ஸை வைத்துப் பார்த்தாள். பக்கத்திலிருக்கிற யானைமலையையும் திருப்பரங்குன்றத்தையும் உடைத்தாலும் இந்தக் கல் கிடைக்காது. குஜராத்திலிருந்து நடந்து வந்த முன்னோர் மடியில் கட்டிக்கொண்டு வந்தது என்று ஜனகராஜ் அளப்பாரே, ஒருவேளை அது நிஜமாகவே இருக்கும். பசால்ட்தான். எத்தனையோ காலத்துக்கு முன்னால் நெருப்பாக ஓடியது, இப்போது ஐஸ் மாதிரி கையில் கிடந்தது. அதன் மேல் அன்றைய வெளுத்த கோடு.

"ஏன் சுபாக்கா இப்படி உரசிக்கிட்டே இருக்கீங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். பதில் வந்திருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். அந்த அளவுக்கு அந்த வீடு அவளைப் பழக்கி வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் சத்தம் கேட்டபோது அவள் மாடிப்படியில் பாதியில் நின்றிருந்தாள். கொலுசைக் காலையிலேயே கழற்றி வைத்துவிட்டாள்.

பூஜை அலமாரி முன்னால் சுந்தரவல்லி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பெருமாள் படத்துக்குப் பின்னால் வைத்திருந்த தகர டப்பா திறந்து கிடந்தது. கையில் ஒரு பழைய சங்கிலி. அதன் கொக்கியைப் பிடித்துக் கல்லில் உரசினாள். சர்ர். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "வெளுப்புத்தான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"அத்தை."

சுந்தரவல்லி திடுக்கிடவில்லை. யாராவது ஒரு நாள் வருவார்கள் என்று காத்திருந்தவள் போல, "வா, நீயும் பாரு" என்றாள். "வெளுப்பாத்தான இருக்கு? அவரு சொன்னது சரிதான?"

ஸ்ரீலட்சுமி சங்கிலியை வாங்கி லென்ஸை வைத்தாள். கொக்கி மாட்டும் இடத்தில் யாரோ ஒரு பொற்கொல்லர் அறுந்துபோனதைப் பற்றவைத்திருந்தார். பொடி தாராளமாக வைத்து ஊதியதில் உருண்டையாக அடைந்து நின்றது. பற்றவைக்கிற பொடியில் தங்கம் குறைச்சல், அது நகைக்கடைக்கு வாழ்க்கைப்பட்ட எவளுக்கும் தெரியும். அந்த உருண்டை ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. திரும்பத் திரும்ப அதே இடத்தில் உரசி உரசி.

"மாமா எந்தப் பக்கம் உரசினாரு?"

"எப்பவும் கொக்கிப் பக்கந்தான். புது மருமக நகையில முன்னாடி கோடு விழுந்தா நல்லாவா இருக்கும்? பின்னங்கழுத்துல, முடி மறைக்கிற எடத்துலதான் உரசுவாரு. பதவிசான மனுஷன்."

ஸ்ரீலட்சுமி சங்கிலியை நான்கு விரல் தள்ளிப் பிடித்துக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்தாள். மஞ்சள். வெளுத்த கோட்டுக்குப் பக்கத்திலேயே, நல்ல வெயில் மஞ்சள். பதவிசு பார்த்து ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறார்கள்.

சுந்தரவல்லி அந்தக் கோட்டைப் பார்த்தாள். வேறெங்கும் பார்க்காமல் மெழுகு உருண்டையை எடுத்து, மஞ்சள் கோட்டின் மேல் மட்டும் வைத்து ஒற்றினாள். அழுத்தி, மறுபடி அழுத்தி, சுத்தமாகும்வரை ஒற்றினாள்.

"இதை யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். குரலில் கோபமே இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "அது பொய்யா இருந்தாத்தான் இந்த வீட்டுல நாங்க சோறு திங்க முடியும்."

"அதுக்காக தினமும் உரசுவீங்களா அத்தை?"

"தினமும் எங்க உரசுறேன்? வெள்ளிக்கிழமை மட்டுந்தான்."

ஸ்ரீலட்சுமி நாட்களை எண்ணிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை துடைத்தாளே. புதன்கிழமை துடைத்தாளே.

அன்று சாயங்காலம் சாய்பிரசாத் கடையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். பசால்ட்டின் பெயரைக்கூடச் சொன்னாள், கல்லுக்கும் வதைக்கும் ஒரு பெயர் என்பதை. அவன் செல்போனைப் பார்த்தபடியே கேட்டான்.

"கல்லுக்கு எதுக்கும்மா இம்புட்டு கதை?"

"சங்கிலியைக் கடைக்குக் கொண்டு போயி மெஷின்ல வச்சுப் பாத்திருக்கலாம்ல? ஒரு நிமிஷ வேலை."

"அப்பா சொன்னதுக்கு மேல மெஷினா?" என்றான். அப்புறம், "போனவளைப் பத்திப் பேசாத, எனக்குத் தாங்காது" என்று எழுந்து போய்விட்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதனால்தான் அவளால் அவனை வெறுக்க முடியவில்லை.

ஆனையூருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னாள். "உரசட்டுமே, நம்ம தங்கத்துக்கு என்ன பயம்?" என்றார் அவர். வாடிப்பட்டிக்காரரும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருப்பார். காவ்யாவிடம் சொன்னாள். "ஹரிஷ் அப்படி விட மாட்டாருக்கா" என்றாள் அவள்.

தட்டு மாற்றுகிற நாள் காலையில் கூடம் நிறைய ஆட்கள். தாம்பாளங்களில் பழம், பூ, பட்டு. நடுவில் மணையில் காவ்யஸ்ரீ. சுந்தரவல்லி கல்லைக் கொண்டுவந்து வைத்தாள். கடையில் மாற்றுப் பார்க்கிற பிள்ளை என்பதால் உரசும் வேலை ஹரிஷ்குமாருக்கு. அவன் சங்கடமாகச் சிரித்தபடி உட்கார்ந்தான். காவ்யா சங்கிலியைக் கழற்றக் கழுத்தில் கை வைத்தாள்.

"இரு காவ்யா" என்றாள் ஸ்ரீலட்சுமி. படத்துக்குப் பின்னாலிருந்து தகர டப்பாவை எடுத்துவந்து ஹரிஷ் முன்னால் வைத்தாள். "தம்பி, மொதல்ல இதை உரசுங்க. நடுவுல உரசுங்க. இது சுபலட்சுமி அக்காவோடது."

சுந்தரவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஹரிஷ் அம்மாவைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், காவ்யாவைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாங்க முடியாமல் சங்கிலியை எடுத்து நடுவில் பிடித்து உரசினான்.

மஞ்சள் கோடு விழுந்தது. கல்லைப் பார்க்க எட்டிய தலைகள் எல்லாம் அப்படியே நின்றன. ஹரிஷின் முகம் வெளிறிவிட்டது. "நல்ல மாத்து" என்று அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அப்போது சாய்பிரசாத் எழுந்து வந்தான். குனிந்து தம்பி கையிலிருந்து சங்கிலியை வாங்கினான். அவன் முகத்தில் ஐந்தாறு வருஷத்துத் தூக்கமின்மை இருந்தது. அழப்போகிறான் என்று ஸ்ரீலட்சுமி நினைத்தாள். அழுதால் போதும், அவன் கூடவே இருந்து கடைசிவரை பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட அந்த ஒரு கணத்தில் நினைத்தாள்.

அவன் விரல்கள் சங்கிலியில் ஓடின. தேடவேயில்லை. நேராகக் கொக்கிப் பக்கம் போய், தேய்ந்து தட்டையான அந்த உருண்டையில் நின்றன. மதியம் சாப்பிட வருகிறவன் கை கழுவிவிட்டுக் கடைக்குப் புறப்படுவதற்கு நடுவில் கீழே என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமையும், புதன்கிழமையும்.

சர்ர்.

"பாருங்க, வெளுப்பு" என்றான் சாய்பிரசாத் எல்லாரையும் பார்த்து. உடம்பு முழுக்க லேசாகிவிட்டது போல மூச்சு விட்டான். "அப்பா சொன்னது சரிதான்."

மஞ்சள் கோடும் வெளுத்த கோடும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. காவ்யஸ்ரீ மணையில் உட்கார்ந்தபடியே ஹரிஷ்குமாரிடம் கேட்டாள்:

"நீங்க சொல்லுங்க. ரெண்டுல எது நெசம்?"

பாவம், அவன் நல்ல பிள்ளைதான். கல்லைப் பார்த்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு மெழுகு உருண்டையை எடுத்து இரண்டு கோட்டையும் ஒற்றி எடுத்துவிட்டான். "நல்ல நாளும் அதுவுமா பழசு எதுக்கு காவ்யா? உன் சங்கிலியைக் குடு" என்று கை நீட்டினான்.

காவ்யா எழுந்தாள். தலையிலிருந்த பூவைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தாள். "அப்பா, போவோம்" என்றாள்.

ஸ்ரீலட்சுமி புருஷன் கையிலிருந்த சங்கிலியை எடுத்துக்கொண்டாள். அவன் விட்டுவிட்டான். அதைக் கொடு என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் வாயில்லை. பொய் நகை என்றுதானே சொல்லி வைத்திருக்கிறார்கள். வாசல்வரை வந்தவளைப் பின்னாலிருந்து சாய்பிரசாத் கூப்பிட்டான்.

"ஸ்ரீ, நீயே பாத்தீல்ல? வெளுப்பாத்தான இருந்துச்சு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷம் கூடப் படுத்த மனுஷன். அவன் தன்னிடம் கேட்பது பதிலை இல்லை, தன்னையும் சேர்ந்து உரசச் சொல்லுகிறான் என்று தெரிந்தது. அங்கே இருந்தால் ஒரு நாள் தானும் ஆமாம் என்று சொல்லிவிடுவோம் என்றும் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அப்பா பிடித்து வந்திருந்த வாடகைக் கார் முக்கில் நின்றது. "ஆனையூருதானக்கா?" என்றார் டிரைவர்.

"அப்புறம் போவோம்ணே. மொதல்ல வாடிப்பட்டி."

சுபலட்சுமியின் அப்பா ஜவுளிக்கடை வைத்திருப்பவர் என்பதால் வாடிப்பட்டியில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் கடையில் இருந்தார். அம்மாதான் கதவைத் திறந்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. பட்டுச்சேலையில் இரண்டு பெண்களையும் ஒரு பெரியவரையும் பார்த்து, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் என்று நினைத்து, "வாங்க வாங்க" என்றாள்.

ஸ்ரீலட்சுமி தான் யாரென்று சொல்ல வாயெடுத்தாள். எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை. கையைத் திறந்து சங்கிலியைக் காட்டினாள்.

அந்த அம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. வாங்கவில்லை. நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உரசிப் பாத்தேம்மா, நடுவுல" என்றாள் ஸ்ரீலட்சுமி. "நல்ல தங்கம். கொக்கியில பத்தவச்ச எடத்துல உரசித்தான் அப்படிச் சொல்லிட்டாங்க. இது தங்கந்தாம்மா."

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றாள் அவள். "எங்கம்மா எனக்குப் போட்டது. அந்தக் கொக்கியைப் பத்தவச்சு வாங்கிட்டு வந்ததே நான்தான்." சங்கிலியை வாங்கி ஒரு கண்ணியை விரலால் தடவினாள். "அவளுக்குத்தான் தெரியாமப் போச்சு. சாகுறதுக்கு மொத நாளு போன் பண்ணா. சண்டை போடல, அழுகல. ரொம்பப் பதவிசாக் கேட்டா, 'அம்மா, கோவிச்சுக்காத, நெசத்தைச் சொல்லு. அது தங்கம் இல்லைதான?'ன்னு."